விதி ஏழு: எதை வாங்கலாம் என்று கேட்காதீர்கள்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. அரைப் பக்கத்தில் ஓர் உதவிக் குறிப்புத்தான் கேட்டார்கள்.

இணையத்தில் 'கேள்விப்பலகை' என்று ஒரு களம் இருக்கிறது. தமிழில் யாரும் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். மின்சாரம், தண்ணீர், தோட்டம், வீட்டுச் சாமான் பழுதுபார்ப்பது என்று கைவேலைக் கேள்விகள்தான் அதிகம். பன்னிரண்டு வருடமாக நான் அதில் மட்டுறுத்துநர். ஒழுங்கை மீறும் கேள்விகளைப் பூட்டுவது என் வேலை. பூட்டிய கேள்வி அங்கேயே கிடக்கும், யாரும் அதற்குப் பதில் எழுத முடியாது. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. பகலில் கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். அங்கேயும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் காரமாக எழுதியிருந்தார். "எந்தத் தண்ணீர்ப் பம்பி நல்லது என்று கேட்டேன். விதி ஏழு என்று சொல்லிப் பூட்டிவிட்டீர்கள். கேட்பதற்குத்தானே பலகை? காரணம் சொல்லுங்கள்."

கேள்வி நியாயமானது. களத்தைத் தொடங்கிய நவரட்ணராஜா அண்ணர் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். விதிகள் எல்லாம் அவர் எழுதியவை.

"தம்பி, விதி ஏழுக்கு ஒரு விளக்கப் பக்கம் போட வேணும். நீரே எழுதும். உந்த விதியைச் சொல்லி ஆகக்கூடப் பூட்டினது நீர்தானே."

"எழுதுறேன் அண்ணே."

"சும்மா எழுதாதையும். ஒரு உதாரணம் குடும். உதாரணம் இல்லாட்டிச் சனத்துக்கு விளங்காது."

ஓம் என்றேன். உதாரணம் என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒரே ஒரு கேள்விதான். அதனால்தான் அரைப் பக்கம் இப்படி ஆகிவிட்டது.

2

முதலில் எழுதிய உதவிக் குறிப்பு இது. பாதியில் நிற்கிறது. அப்படியே விடுகிறேன்.

"விதி ஏழு: எதை வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்ற கேள்விகள் பூட்டப்படும். பொருளைக் கேட்காதீர்கள், பிரச்சினையைச் சொல்லுங்கள்.

ஏன்? இத்தகைய பதில்கள் சீக்கிரம் பழசாகிவிடும். இன்று நல்லதென்று சொல்லும் பொருள் அடுத்த வருடம் சந்தையில் இராது. கடையும் இராது. (எண்பத்து மூன்று ஆடி மாதம் முதல் கிழமையில் கண்டியில் யாராவது நல்ல கடை எதுவென்று கேட்டிருந்தால், மாதக் கடைசியில் அந்தப் பதிலுக்குரிய கடை கலவரத்தில் எரிந்து போயிருக்கும். - இதை உதவிக் குறிப்பில் போட முடியாது. எடுத்துவிட வேண்டும்.)

இன்னொன்று, அவரவர் வாங்கியதைத்தான் அவரவர் புகழ்வார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை மட்டம் என்று ஒத்துக்கொள்ள நமக்கு மனம் வராது. விற்பவர்களும் வாங்கியவர்கள் போல வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு கிழமைக்குள் பதினான்கு இடத்தில் ஒரே தண்ணீர் வடிகட்டியைப் புகழ்ந்த ஒரு 'குடும்பத் தலைவி'யை நாம் வெளியேற்றினோம். அவருக்கு மீசை இருந்தது பிறகு தெரிந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம்: பொருளைக் கேட்கிறவர் தன் பிரச்சினைக்குத் தீர்வு என்னவென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவு பிழையாக இருந்தால், நாம் எவ்வளவு சரியான பதில் சொன்னாலும் அது அவருக்கு உதவாது. எடுத்துக்காட்டாக, 2008ஆம் ஆண்டு ஒருவர் எந்த ஃப்ளாஸ்க் நல்லது என்று"

இங்கே நின்றுவிட்டேன்.

3

அந்த 'ஒருவர்' யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயர் ரத்தினம்மா. கண்டி மஹய்யாவையில், என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, டவுனில் ஒரு துணிக்கடையில் பொதி கட்டும் வேலை.

கதையாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தபோது தொடக்கங்கள் பல வந்தன. நீங்களும் பாருங்கள்.

(அ) "மகாவலிக்கு மேலே பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரத்தினம்மா" - வேண்டாம். நடந்தது ஓகஸ்ட் மாதம், தூறல்தான் இருந்தது. பனியை நான் கதைக்காக இறக்கினேன்.

(ஆ) "போர் என்பது" - இப்படித் தொடங்கும் எதையும் நான் வாசிப்பதில்லை. நீங்கள் ஏன் வாசிக்க வேண்டும்?

(இ) "ரத்தினம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்."

மூன்றாவதுதான் சரி. ஆனால் 'இருந்தாள்' என்ற சொல்லில் நான் ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே: ரத்தினம்மாவுக்கு ஒரு தங்கச்சி. பெயர் வீரம்மா.

இருவரும் பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழு இனக்கலவரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். இனி இங்கே இருக்க முடியாதென்று தாயும் தகப்பனும் பத்து வயது வீரம்மாவைக் கூட்டிக்கொண்டு வடக்கே வன்னிக்குப் போனார்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறினால் தமிழர் நடுவே பயமில்லாமல் வாழலாம் என்று அப்போது பலர் சொன்னார்கள், பலர் போனார்கள். ரத்தினம்மா அதற்குள் கல்யாணம் கட்டியிருந்தார், அதனால் கண்டியிலேயே தங்கினார். பயமில்லாத இடம் தேடிப் போன தங்கை கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வளர்ந்து, ராஜலிங்கம் என்பவரைக் கட்டி, முப்பத்தைந்து வயதில் சீனி வருத்தம் வந்து, தினமும் இன்சுலின் ஊசி போடும் நிலைக்கு வந்தாள்.

2008இல் சண்டை கிளிநொச்சியை நெருங்கியது. வீரம்மா குடும்பம் வீட்டை விட்டுக் கிழக்கே ஒரு கொட்டிலுக்கு நகர்ந்தது. முன்பு ஆஸ்பத்திரி குளிர்ப்பெட்டியில் மருந்து இருக்கும், போய்ப் போட்டுக்கொள்வாள். இப்போது ஆஸ்பத்திரி தூரம். நான்கு கிழமைக்கான மருந்தை, ஒரு மாதத்துக்குரியதை, ஒரேயடியாகக் கொடுத்து, குளிராக வைத்துக்கொள் என்றார்கள். கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, வெயில் மட்டும் தாராளம். வீரம்மா அக்காவுக்குக் கடிதம் எழுதினாள்: நல்ல ஃப்ளாஸ்க் ஒன்று அனுப்பு.

பாருங்கள், பிரச்சினை ஃப்ளாஸ்க்காக மாறியது அங்கேயேதான். கண்டிக்கு வந்து சேரும்போது அது ஒரு பொருளின் பெயர் மட்டுமே.

4

இந்தக் காட்சியில் நான் இல்லை. ஸக்கியா பின்னர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஸக்கியாவின் வாப்பா ஒரு கொமியூனிகேஷன் வைத்திருந்தார். தொலைபேசி, போட்டோ பிரதி, நான்கு கொம்பியூட்டர். பகலில் ஸக்கியா பார்த்துக்கொள்வாள், அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. நானும் அங்கேதான் பின்னேரங்களில் இருந்து பலகை வேலை பார்ப்பேன். என் வீட்டில் இணைப்பு இல்லை.

ரத்தினம்மா காலையில் வந்து, ஆளில்லாத நேரம் பார்த்து, எந்த ஃப்ளாஸ்க் நல்லதென்று கேட்டார். ஸக்கியாவுக்கு ஃப்ளாஸ்க் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேள்விப்பலகை தெரியும்.

"இதில கேட்டா வெளிநாட்டில ஈக்குறவங்க எல்லாம் பதில் செல்லுவாங்க அக்கா. என்னத்துக்கு எண்டு போட?"

"என்னத்துக்குன்னு போடாத தங்கச்சி. ஃப்ளாஸ்க்குன்னு மட்டும் போடு."

"தேத்தண்ணிக்கா?"

ரத்தினம்மா கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு ஸக்கியாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க அல்லாமேல ஆணை, யாருக்கும் சொல்லாத" என்றார்.

"இங்க பின்னேரம் ஒரு சேர் வருவார். அந்தப் பலகையில வேலை செய்றவர்தான். தமிழ் ஆள், உங்கட மஹய்யாவதான். அவர்ட்டயே நேர கேக்கலாமே?"

"ஐயோ வேணாம். போலீசுல எழுதிக் குடுத்திருக்கேன், வடக்குல சொந்தம்னு யாருமே இல்லேன்னு. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சா வாயில நிக்காது."

அது போலீசார் வீட்டுக்கு வீடு வந்து தமிழரைப் பதிவு செய்த காலம். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வடக்கில் உறவினர் உண்டா? மஹய்யாவையில் பாதிப் பேர் இல்லை என்றே எழுதினோம். தங்கையை இல்லை என்று எழுதியவர், இப்போது அவளுக்காக ஃப்ளாஸ்க் தேடினால் அதற்கு என்ன விளக்கம் சொல்வது?

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஆணை கேட்ட வாக்கியம் ஸக்கியா சொன்னபடியே. 'ஐயோ வேணாம்' நான் சேர்த்தது. ரத்தினம்மா பேசும் விதம் இப்போது எனக்குத் தெரியும் என்பதால் சேர்க்கிறேன். முன்பு தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.)

5

பலகையில் வந்த கேள்வி இதுதான். களஞ்சியத்திலிருந்து எடுத்தேன்.

"எந்த ஃப்ளாஸ்க் நல்லது? இலங்கையில் கிடைப்பதாகச் சொல்லவும். பெயர் மட்டும் போதும்."

ஒரு மணி நேரத்தில் டொரொன்டோவிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். ஒரு பெயர் சொல்லி, ஆறு வருடமாகப் பாவிப்பதாகவும் காலையில் ஊற்றிய கோப்பி பின்னேரம் வரை கொதிக்கக் கொதிக்க இருப்பதாகவும் எழுதியிருந்தார். (பெயரைச் சொல்ல மாட்டேன். விதி ஏழு எனக்கும்தான்.)

பின்னேரம் நான் வந்து உட்கார்ந்தேன். உடனே பூட்டியிருக்கலாம். ஆனால் நான் அவ்வளவு மோசமான மட்டுறுத்துநர் அல்ல. கீழே எழுதினேன்: "நண்பரே, பொருளைக் கேட்காதீர்கள், பிரச்சினையைச் சொல்லுங்கள். என்ன வைக்கப் போகிறீர்கள்? எவ்வளவு காலம்? சூடாகவா, குளிராகவா?"

மறுநாள் பின்னேரம் பார்த்தபோது மறுமொழி வந்திருந்தது. "குளிராக. சின்னப் போத்தல். நாலு கிழமை. கரண்ட் இல்லாத இடம். ஐஸும் இல்லை. மிச்சம் சொல்ல ஏலாது."

6

இந்த இடத்தைத்தான் நான் பத்துத் தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் கதைசொல்லி கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே போனான். ஒரு பிரதியில் அவனுக்கு விஷயம் புரியவே இல்லை. இன்னொன்றில் அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் நின்றுபோனது. மூன்றாவதில் பூட்டியது வேறொரு மட்டுறுத்துநர். மூன்றையும் வாசித்துப் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அதனாலேயே கிழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

கரண்ட் இல்லாத இடத்தில், நான்கு கிழமை குளிராக இருக்க வேண்டிய சின்னப் போத்தல். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவனுக்கு இது மருந்து என்று விளங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? மிச்சத்தைச் சொல்ல முடியாத இடம் எது என்று 2008இல் கண்டியில் இருந்த ஒரு தமிழனுக்கு யாராவது விளக்க வேண்டுமா? வாசித்து முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

பதிலும் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் செய்து காட்டும் பரிசோதனை அது. ஒரு மண்சட்டி, அதற்குள் சின்னச் சட்டி, இரண்டுக்கும் இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நிழலில் வைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், உள்ளே குளிர்ந்திருக்கும். காய்ந்த காற்று வீசும் இடத்தில் இன்னும் நன்றாக வேலை செய்யும். வன்னியில் அந்த மாதங்களில் காய்ந்த காற்றுக்கு என்ன குறை? சட்டியும் மணலும் அங்கேயே கிடைக்கும். எதையும் வாங்கத் தேவையில்லை, யாரும் எதையும் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோகத் தேவையில்லை.

ஃப்ளாஸ்க் அப்படியல்ல. அது எதையும் குளிராக்காது, வைத்ததை வைத்த சூட்டிலேயே காப்பாற்றும். ஐஸ் இல்லாத இடத்தில், வெயில் நேரத்தில் திறந்து மூடினால் உள்ளே போன சூடு உள்ளேயே கிடக்கும். அது நல்ல ஃப்ளாஸ்க்காக இருந்தால் இன்னும் அதிக நேரம் கிடக்கும்.

மட்டுறுத்துநருக்கு மட்டும் தெரியும் விவரம் ஒன்று உண்டு. கேள்வி எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பது. பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த அதே கொமியூனிகேஷனின் இலக்கம்.

அதற்கு முந்தின வருடம் மஹய்யாவையில் விடியற்காலைச் சுற்றிவளைப்பில் போலீசார் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். கொம்பியூட்டரில் தினமும் என்ன செய்கிறாய் என்று கேட்டார் ஓர் அதிகாரி. யாரோ கேட்கும் கேள்விக்கு யாரோ பதில் சொல்வதை நான் சரிபார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "யார் கேட்கிறார்கள்? யார் சொல்கிறார்கள்?" என்றார். தெரியாது என்றேன். நீங்களே சொல்லுங்கள், அதை நம்புவாரா? பாடசாலை அதிபரின் கடிதம் வந்த பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த இலக்கத்தைப் பார்த்ததும் அந்த அதிகாரியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. சண்டை நடக்கும் வன்னியில் மருந்து காக்க வழி கேட்டவர், வழி சொன்னவர், இருவரும் ஒரே கடை, ஒரே இணைப்பு. நாளைக்கு அது யாருடைய கையிலாவது கிடைத்தால்?

நிமிர்ந்து பார்த்தேன். ஸக்கியா மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆணைக்குக் கட்டுப்பட்டவள், நான் பயத்துக்குக் கட்டுப்பட்டவன். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூட்டினேன். "விதி ஏழின்படி இக்கேள்வி பூட்டப்படுகிறது. பிரச்சினையை விளக்கிப் புதிய கேள்வியாகக் கேட்கவும்." விதி சரியான விதி, அதைத்தான் நான் ஒளிந்துகொள்ளப் பாவித்தேன். 'இரண்டு சட்டி, ஈர மணல்' என்று எழுத நான்கு சொல் போதும். யார், எங்கே என்று எதையும் கேட்காமலே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கோப்பிக்காரரின் பதிலையும் அழிக்கவில்லை. பூட்டிய கேள்வியின் கீழே அந்த ஒரு பதில்தான் மிஞ்சியது.

அன்று எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, நிம்மதியாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

7

பிறகு நடந்ததை எழுத அலங்காரம் தேவையில்லை. ரத்தினம்மா யட்டிநுவர வீதியில் அந்தக் கோப்பிக்காரர் சொன்ன ஃப்ளாஸ்க்கை வாங்கினார். மங்களேஸ்வரி என்ற யாழ்ப்பாணத்துத் தாதி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், ஒரு பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்திருந்தார். திரும்பிப் போகும்போது தன் சொந்தச் சாமானோடு சாமானாக அதைக் கொண்டுபோனார். எதற்கென்று அவர் கேட்கவில்லை, ரத்தினம்மாவும் சொல்லவில்லை.

ஒக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வீரம்மாவின் கடிதம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வீரம்மாவிடமிருந்தோ ராஜலிங்கத்திடமிருந்தோ மங்களேஸ்வரியிடமிருந்தோ ஒரு சொல்லும் இல்லை. போர் முடிந்த பிறகு, வன்னிச் சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு ரத்தினம்மா மூன்று தடவை போய் வந்தார். படிவத்தில் இல்லை என்று எழுதிய தங்கையை, இருக்கிறாள் என்று வேறு படிவங்களில் எழுதிக் கொடுத்தார்.

2010இல் ஸக்கியா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இனி ஆணை எதுக்கு சேர்? மறைக்க வேண்டிய ஆளே இல்லையே" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

8

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினம்மாவின் வீட்டுக்குப் போனேன். கேள்வியைப் பூட்டியவன் நான்தான் என்று சொல்வதற்காகப் போனேன். முகாம் பட்டியல் தேடித் தரும் ஆளாக ஸக்கியா என்னை அறிமுகப்படுத்தியிருந்தாள்.

"வாங்க தம்பி, உக்காருங்க. ஸக்கியா புள்ள சொல்லிச்சு."

கதிரையில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி தந்தார். பேசிக்கொண்டே அலுமாரியைத் திறந்து செஞ்சிலுவைக் கடிதத்தை எடுத்து வந்தார். பக்கத்தில் ஃப்ளாஸ்க் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஊசி நூல் வைத்திருந்தார்.

"படிங்க தம்பி. எனக்குக் கண்ணு சரியா தெரியல. ஆனா மனப்பாடம்."

படித்தேன். "அக்கா, ஃப்ளாஸ்க் கிடைத்தது. மருந்து அதில்தான் வைத்திருக்கிறேன். நல்ல கனமான ஃப்ளாஸ்க். இவர் அதை யாரையும் தொட விடுவதில்லை. இப்போது இரண்டு கிழமையாக ஊசி போட்டும் அசதி தீரவில்லை. தாகமாகவே இருக்கிறது. ஓடித் திரிவதால் என்று நினைக்கிறேன். நீ கவலைப்படாதே."

படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஊசி போட்டும் அசதி, தாகம். மருந்து கெட்டுவிட்டது. எழுதியவளுக்கு அது தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஓடித் திரிஞ்சா அசதியாத்தானே இருக்கும், இல்லீங்களா?" என்றார்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"என்னால ஆனது அது ஒண்ணுதான் தம்பி. கலவரத்துல அப்பா அவள இழுத்துக்கிட்டுப் போனப்ப, 'அக்கா நீயும் வா'ன்னு லொறியிலேருந்து கத்துனா. நான் போகல. முப்பது வருஷத்துல அவளுக்கு நான் செஞ்சது அந்த ஃப்ளாஸ்க்தான். கனடாவுல இருந்து யாரோ ஒரு புண்ணியவான் பேரு சொன்னாரு. அதையே தேடி வாங்குனேன்." கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க அந்தப் பலகையிலதானே வேலை? உங்களுக்குத் தெரியும். அது நல்ல ஃப்ளாஸ்க்தானே தம்பி?"

விதி ஏழை இத்தனை வருடம் காவல் காத்த எனக்கு, அந்த விதி ஏன் இருக்கிறதென்று அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று உண்டு. அந்தப் பதிலில் ஒரு பொய்யும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய எதையும் சொல்லாமலே எழுந்து போய்விடலாம்.

"நல்ல ஃப்ளாஸ்க்தான் அக்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இன்னொரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

9

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. வீரம்மா உயிரோடு இருக்கிறாள். மருந்து கெட்டதை மங்களேஸ்வரி கண்டுபிடித்து வேறு மருந்து கொடுக்கிறார், மண்சட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். யாராவது ஒருவர் அந்த நான்கு சொல்லைச் சொல்லத்தானே செய்திருப்பார்? ஊர் முழுக்கச் சட்டி இருந்ததே. இந்த முடிவில் வீரம்மா எங்கேயோ பெயர் மாறி இருக்கிறாள், ஒரு நாள் கண்டிக்கு பஸ் ஏறுவாள். இதை எழுதும்போது என் கையெழுத்து அழகாக வருகிறது. அதனால்தான் இதை நான் நம்பவில்லை.

இரண்டு. வீரம்மா அந்த நவம்பரில், ஒரு கொட்டிலில், ஊசி போட்டுக்கொண்டே சாகிறாள். மருந்து இருக்கிறது, ஃப்ளாஸ்க் இருக்கிறது, கணவன் பக்கத்தில் இருக்கிறான். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. இதை இரண்டு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்று. 2009இல் ஷெல் விழுகிறது.

மூன்றாவது முடிவில்தான் எனக்கு அதிக ஆசை. வெளியே சொல்லக் கூசும் ஆசை. ஷெல் விழுந்திருந்தால் ஃப்ளாஸ்க்காலும் ஒன்றுமில்லை, சட்டியாலும் ஒன்றுமில்லை. நான் எழுதாத நான்கு சொல்லாலும் ஒன்றுமில்லை. ஒரு பெண் ஷெல்லில் செத்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்காக மனதுக்குள் வேண்டிக்கொண்டிருக்கும் ஒருவன்தான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறான். இதைத் தெரிந்துகொண்டே மேலே வாசியுங்கள்.

10

[இந்தப் பகுதியில் ஒரு பாத்திரம் திருந்த வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். நீக்கிவிட்டேன்.]

நவரட்ணராஜா அண்ணர் நேற்றும் தொலைபேசி எடுத்தார். இதையெல்லாம் அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

"எனக்கு ஏன் தம்பி அப்பவே சொல்லேல்லை?"

"பயந்தேன் அண்ணே."

"ம். நான் இங்கையிருந்து விதி எழுதிப்போட்டன். 'பிரச்சினையைச் சொல்லுங்கோ' எண்டு. உங்கை அதைச் சொல்லேலாமல் சனம் இருந்தது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்." பிறகு சொன்னார்: "விதி பிழை இல்லைத் தம்பி. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியேல்லை. போட்டால் இனி ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டினம். ஆனால் போடுறதோ இல்லையோ எண்டது உம்மட விஷயம். நான் சொல்ல மாட்டன்."

சிக்கல் அங்கேதான். ஸக்கியா இப்போது கைத்தொலைபேசியில் பலகையை வாசிக்கிறாள். ரத்தினம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கண் இன்னும் மங்கிவிட்டது. ஸக்கியா போகும்போதெல்லாம் பலகையில் என்ன விசேஷம் என்று கேட்பாராம். அந்தக் கனடாப் புண்ணியவான் எழுதிய இடம் என்று அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை. இந்தப் பக்கத்தைப் போட்டால், பெயரை மாற்றினாலும், தன் கதை என்று அவருக்கு விளங்காமல் போகாது. முப்பது வருடத்தில் தங்கைக்குச் செய்த ஒரே காரியம் அவளை என்ன செய்தது என்று தெரிந்துவிடும். போடாவிட்டால், யாரோ ஒருவர் நாளைக்கும் வந்து, உயிர் போகும் விஷயத்தைச் சொல்ல முடியாமல், எந்த ஃப்ளாஸ்க் நல்லது என்று மட்டும் கேட்பார். என்னைப் போல ஒருவன் அதைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.

நான் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். எட்டு வருடமாகிவிட்டது. பட்டியல் தேடும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் போகிறேன். சில ஞாயிறுகளில் அது நல்ல ஃப்ளாஸ்க்தானே என்று கேட்பார், சில ஞாயிறுகளில் கேட்க மாட்டார். கேட்டால் நான் அதே பதிலைச் சொல்கிறேன்.

இன்று காலை அந்தக் கேள்வியின் பூட்டைத் திறந்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு பதில் எழுதும் பெட்டி மறுபடி தெரிகிறது. அந்த நான்கு சொல்லை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். என்னால் முடியவில்லை. இப்போது அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது, உங்களுக்கும். பதில் உங்களுக்கும் தெரியும், நான்தான் சொல்லிவிட்டேனே. எழுத வேண்டும் என்று பட்டால் எழுதுங்கள். நான் இந்தத் தடவை பூட்ட மாட்டேன், அழிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் யோசித்து எழுதுங்கள்: நீங்கள் எழுதுவதை ஸக்கியா ரத்தினம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள்.